கழற்றாத செருப்பு

வியாழன். மத்தியானத்திலிருந்து மழை.

மண்சரிவுக்குப் பிறகு, தொழிலாளர் பிள்ளைகளை நாங்கள் பகலில் பார்த்துக்கொள்ளும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை இன்றுதான் திறந்தோம். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். நாலு வயது தர்ஷிகா மட்டும் கழற்ற மாட்டேன் என்றாள். மண்ணோடு லயத்து வீடுகள் சரிந்த அன்று வெறுங்காலோடு ஓடிய பிள்ளை அவள்.

பாயில் படுத்தபோதும் காலில் செருப்பு இருந்தது. என்னோடு வேலை செய்யும் ராணியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இது புடிவாதம், மிஸ். இன்னைக்கு விட்டா நாளைக்கு எல்லாப் புள்ளையும் இப்படித்தான் செய்யும்," என்று செருப்பைப் பிடுங்கினார். பிள்ளை போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் செருப்பை வாங்கித் திரும்ப மாட்டிவிட்டேன். "புடிவாதம் இல்லக்கா, பயம். போட்டுக்கிட்டே தூங்கட்டும்," என்றேன். சற்று நேரத்தில் தூங்கிவிட்டாள். நான் செய்தது சரிதான். மேலிடத்தில் யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

பிறகுதான் ராணியக்காவைக் கவனித்தேன். தோளில் பையை மாட்டியபடியே பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். காலையில் வந்ததிலிருந்து அதை இறக்கவே இல்லை.

"பைய கழட்டி வைங்களேன்க்கா."

"இருக்கட்டும் மிஸ். ஐடி, புள்ளைங்க பர்த் சர்டிபிகேட் எல்லாம் இதுலதான் இருக்கு. திடீர்னு ஓட வேண்டி வந்தா..."

சொல்லி முடிக்காமல் தர்ஷிகாவின் கால்களைப் பார்த்தார். அப்புறம் போய்ப் போர்வையை இழுத்துச் செருப்போடு சேர்த்து மூடிவிட்டார்.

நாளைக்கு அந்தச் சட்டத்தை எடுத்துவிடுகிறேன். செருப்போடு மண் உள்ளே வந்தால் பெருக்கிக்கொள்ளலாம்.