ரயிலடித் தாயின் கோட்டு

டிசம்பர் 5, 2006

அச்சாபீஸில் இன்று வாழ்த்து அட்டை வேலை. பழைய கறுப்பு வெள்ளை கிறிஸ்துமஸ் சினிமாப் படம் ஒன்றில், ரயிலடியில் மகனுக்காகக் காத்திருக்கும் தாய்தான் அட்டையில். அவள் கோட்டுக்கு மட்டும் ஒரு கலர் வேண்டும். அந்தப் படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருக்கும் எனக்கும் மிஷின்மேன் செல்வராஜுக்கும் காலையிலிருந்தே சண்டை.

"ஊருக்கே தைரியம் சொல்றவ. செவப்புத்தான் போட்டிருப்பா" என்றார் செல்வராஜ்.

"மகன் வருவானான்னு தெரியாம நிக்கிறவ செவப்பு போடுவாளாண்ணே? நீலந்தான்."

மதியச் சோற்றைத் தனித்தனியாகத் தின்றோம். படமே பார்க்காத முதலாளி வந்தார்.

"பச்சை மை மிச்சம் கெடக்கு. அதையே ஏத்துங்க."

ஓட்டி முடித்தாயிற்று. வீட்டுக்கு வந்து எரிச்சலில் அந்தப் படத்தின் சிடியைப் போட்டேன். இத்தனை வருஷம் எனக்கு நீலத்தில் நின்றவள், இப்போது பச்சையில் நிற்கிறாள்.