அலமாரிக்குப் பின்னால் இருந்த மஞ்சள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா முக்கால் நலம், மீதிக் காலும் வந்துகொண்டிருக்கிறது. ராத்திரி முழுக்க டெலஸ்கோப்போடு விழித்திருப்பவள் நீ, பகலிலாவது நன்றாகத் தூங்கி சுகமாயிரு.

போன மாதம் போனில் முகம் பார்த்துப் பேசியபோது அம்மா வெளுத்திருக்கிறாள் என்றாயே, ஊருக்கே பெயிண்ட் அடிக்கிறவனுக்கு நிறம் சொல்லித்தருகிறாயா, கோளாறு உன் போனில்தான் என்று சிரித்தேன். அப்புறம் ஒருநாள் அவள் மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டதென்று கூடத்து அலமாரியை நகர்த்தினால், பின்னால் சுவர் பளிச்சென்று மஞ்சள், மற்ற இடமெல்லாம் கழுவிவிட்ட தண்ணீர் நிறம். நானே அடித்த சுவர், தினமும் பார்க்கிற சுவர், மங்கியது தெரியவேயில்லை. கேலக்ஸியின் நடுவெளிச்சம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிய, பக்கத்தில் மாறாத ஒரு நட்சத்திரத்தை வைத்து ஒப்பிடுவோம் என்பாயே, அது அப்போதுதான் மண்டையில் ஏறியது. நீ கிளம்பிய அன்று அதே சுவர் முன்னால் அம்மாவோடு எடுத்த படத்தைத் தேடி எடுத்தேன். படத்து மஞ்சளும் அலமாரி மஞ்சளும் ஒன்றேதான். அம்மா முகம்தான் ஒன்றாயில்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வயிற்றுப் புண்ணில் கசிந்து கசிந்து உடம்பு ரத்தம் பாதியாகிவிட்டது, இன்னும் விட்டிருந்தால் இதயம் தாங்காது என்றார் டாக்டர். யார் கவனித்தது என்றார், தூரதேசத்து மகள் என்றேன். பக்கத்தில் யாருமில்லையா என்றார். நான் இருந்தேன் என்று எந்த வாயால் சொல்ல.

ஒரு வருஷமாக மங்கிக் கிடந்த உன் கேலக்ஸி இப்போது பொங்குகிறது, விட்டுவிட்டு வரவா என்று கேட்டாய். எத்தனையோ கோடி வருஷமாய் நடந்து வருகிற வெளிச்சம், வாசலில் ஆள் இல்லாவிட்டால் என்ன மரியாதை, பார்த்துவிட்டே வரட்டும் என்கிறாள் அம்மா. நடுவில் இருக்கும் கருங்குழி விழுங்க விழுங்க வெளியே ஒளி பொங்குமாமே, சாரத்தில் நின்று கூரைக்கு வெள்ளை அடிக்கும்போது அதிலேயே மிதந்துபோகிறேன். அண்ணே, அந்த இடம் வெளுத்தது போதும், அடுத்த ஊருக்குப் போங்க என்று கீழேயிருந்து மேஸ்திரி கத்துகிறான்.

கூடத்துக்குப் புதிதாய் அடித்துவிட்டேன், அந்த மஞ்சளை மட்டும் தொடவில்லை. வெயில் படாமல் பழைய போர்வை தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் போர்வையை விலக்கி, அம்மாவை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறேன். கல்யாணத்தன்றுகூட இப்படி நிற்கச் சொல்லவில்லை என்று திட்டிக்கொண்டே நிற்கிறாள். திட்டில் மட்டும் பழைய நிறம் வந்துவிட்டது.

நீ நீடூழி வாழ்க, உன் கண் நன்றாயிருக்கட்டும். தினம் படம் வரும், தேறுகிறாளா என்று பார்த்து நீயே சொல். நான் சொன்னால் நம்பாதே, நான் பக்கத்திலேயே இருக்கிறவன்.

இப்படிக்கு,
உன் பெயிண்டர் அப்பா