கூண்டு இறங்காத வெள்ளிக்கிழமை

என் பெரிய குட்டிக்கு,

இந்த அகாலத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து. பகலில் எழுதலாம் என்றால் வியர்வையில் காகிதம் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, மை கலைகிறது. உன் இருமல் நின்றதா, ராத்திரி தூங்குகிறாயா, அதை முதலில் எழுது. இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை பழகியிருக்கிறது, மனசுதான் கூட வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

புயல் கடந்து எட்டு நாள் ஆகிறது. போகும்போது காற்றையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது போல, ஓர் இலை அசையவில்லை. சுவரைத் தொட்டால் ராத்திரி பத்து மணிக்கும் சுடுகிறது. பின்பக்கத் தகரத்தில் இரண்டு பறந்துபோய் ஒன்று பள்ளிக்கூடத்து வேலியில் கிடைத்தது, இன்னொன்றைக் கடல் எடுத்துக்கொண்டது. போன் கோபுரம் விழுந்தது விழுந்தபடி கிடக்கிறது, என் துறைமுக ஆபீஸ் ஒயர்லெஸ்ஸை விட்டால் இந்தக் கடிதம்தான் கதி. சின்னக்குட்டிக்கு முதுகு முழுக்க வேர்க்குரு, பாயே வேண்டாம் என்று வெறும் சிமெண்டுத் தரையில் உருண்டு உருண்டு தூங்குகிறாள், சூரியனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது லீவு விடக்கூடாதாம்மா என்று நேற்று கேட்டாள். உன் அப்பாவுக்கு மின்நிலையத்தில் இரட்டை ஷிப்ட். எஞ்சினுக்கே ரெண்டு மணி நேரம் ரெஸ்ட் குடுக்கறோம், என்னைத்தான் ஒருத்தரும் அணைக்க மாட்டேங்கறாங்க என்று டீசல் நாற்றத்தோடு வந்து விழுகிறார், சட்டையைக் கழற்றுவதற்குள் குறட்டை. கதவுக் கீல்களையெல்லாம் உப்பு தின்றுவிட்டது, திறந்தால் அழுகிறது, மூடினால் அழுகிறது, எண்ணெய் விட வேண்டும் விட வேண்டும் என்று நானும் தினமும் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைப் படகில் உன் கடிதம் வந்தது. பத்து நாள் விடுமுறையும் காலி ஹாஸ்டலில் வார்டனோடும் ஒரு பூனையோடும் போயிற்று என்று எழுதியிருக்கிறாய். அழவில்லை என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறாய், ஒரு தரம் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். அதற்குக் கீழே, கூண்டு இறங்காததற்கு நீங்க என்னம்மா பண்ணுவீங்க, கடல் பண்ணின தப்பு, உங்க மேல எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை என்று போட்டிருந்தாய் பார், அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. குட்டி, அது கடல் பண்ணின தப்பு இல்லை. நான் பண்ணினது.

முழுக்க எழுதிவிடுகிறேன். ஞாயிறு முதல் வியாழன் வரை கம்பத்தில் புயல் கூண்டு நின்றது, அது நிற்கிற வரைக்கும் படகு கிடையாது, அது உனக்கே தெரியும், சின்ன வயதில் அந்தக் கறுப்புக் கூண்டுக்குள் யாரை அடைச்சு வச்சிருக்காங்க என்று கேட்டவள்தானே நீ. வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு ஒயர்லெஸ்ஸில் உத்தரவு வந்துவிட்டது, கூண்டை இறக்கலாம் என்று. என் கையால் நேரம் போட்டு எழுதி வாங்கினேன். ஆறு மணிக்கு அக்கரைப் படகு ஆபீஸில் வழக்கம்போலக் கேட்டார்கள், மேடம், கூண்டு இருக்கா இறங்கியாச்சா என்று. உன் பெயர் அன்றைய பயணிகள் பட்டியலில் ஏழாவதாக இருந்தது எனக்குத் தெரியும். இருக்கு என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை, கூண்டு மேலேதான் இருந்தது. உத்தரவுக் காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

போன தடவை நீ கல்லூரிக்குத் திரும்பிய அன்றும் இப்படித்தான் உத்தரவு வந்தது. வந்த நிமிஷமே நான்தான் இறக்கச் சொன்னேன். பாதி வழியில் அலை ஏறி எஞ்சினில் தண்ணீர் புகுந்து ஐந்து மணி நேரம் நீங்கள் மிதந்ததை நீ சிரிப்புச் சிரிப்பாக எழுதினாய், பக்கத்து சீட்டு ஆள் வாந்தி எடுக்கும் நடுவில் மணி கேட்டதை எல்லாம். நானும் படித்துச் சிரித்தேன். ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் நான் ஒயர்லெஸ் பக்கத்தில் நின்றபடியே இருந்தேன் என்று உனக்கு நான் எழுதியதே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கூண்டுக் கயிற்றைத் தொட்டால் எனக்குக் கை குளிர்ந்துபோகிறது, இந்த வெயிலிலும். புவியியலில் டிகிரி வாங்கியவள், கடைசி வருஷப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதித் தேறியவள், காற்றழுத்தம் ஏறிவிட்டதை என் கண்ணால் பார்த்தவள், எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் செய்தேன். மத்தியானம் வரைக்கும் பார்ப்போம் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து மணிக்குள் கடல் தட்டில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் படகு கிளம்பும் நேரம் போய்விட்டது, மறுநாள் அது வேறு தீவுக்கு, நம் பக்கம் இனி செவ்வாய்தான். புதன்கிழமை உனக்குக் கல்லூரி திறக்கிறது. எல்லாக் கணக்கும் எனக்கு டிராயரைப் பூட்டின பிறகுதான் வந்தது.

இதோடு போயிருந்தால் உனக்கும் எனக்கும் உள்ள விஷயம். நம் டெய்லரை உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூடச் சட்டை அத்தனையும் தைத்தவர், கழுத்து இறுக்குது என்று நீ அழுதால் பொண்ணு வளர்ந்துட்டா, சட்டை வளரல, நான் என்ன பண்ணட்டும் என்பாரே அவர்தான். இரண்டு கண்ணிலும் புரை. சனிக்கிழமை அக்கரையில் நீ இருக்கும் ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே ரெக்சின் பையோடு படகுத்துறைக்கு வந்து, என் ஜன்னலுக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே வந்து ஃபேனடியில் உட்காருங்கண்ணே என்றேன், வேண்டாம்மா, படகு வந்தா முதல்ல ஏறணும், எனக்குப் படி தெரியாது என்றார். கம்பத்து உச்சி அவர் கண்ணுக்கு எட்டாது. அரை மணிக்கு ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பி, ஏம்மா, இறங்கிடுச்சா என்று கேட்டார். இன்னும் இல்லண்ணே என்றேன். பதினொரு தடவையாவது கேட்டிருப்பார். ஒரு தடவை, இன்னிக்குக் கூண்டு உங்களை மாதிரியே பிடிவாதமா இருக்கும்மா என்று சிரித்தார். நான் டிராயர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாலு மணிக்குத்தான் கூண்டை இறக்கச் சொன்னேன். போன தேதி போனதுதான், அடுத்தது இரண்டு மாசம் கழித்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம், மருந்தக நர்ஸ் ஒயர்லெஸ்ஸில் கேட்டுச் சொன்னாள். இப்போது அவரால் ஊசி கோக்க முடியவில்லை, வருகிறவர்களிடம் கோத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கிப் பத்து ஊசியைத் தலையணையில் குத்தி வைத்துக்கொள்கிறார்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஆபீசரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணா நான் யாரை நம்பி இந்த ஆபீசை நடத்தறது என்றார், கத்தவில்லை, கத்தியிருக்கலாம். எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார், கம்பத்துச் சாவியை வாங்கிக்கொண்டார், இனி நான் பதிவேடு மட்டும்தான். அப்பா முதலில், யாருக்கும் தெரியாதுல்ல, சும்மா இருந்திருக்கலாமே என்றார். விளக்கை அணைக்கும்போது, அவளுக்கு எழுதிடு, இன்னொருத்தர் வாயால தெரிய வேணாம் என்றார். இன்று சாயங்காலம் டெய்லர் கடைக்குப் போனேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் தையல் மிஷின் சக்கரத்தில் கையை வைத்தபடி கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். பெத்த வயிறு, நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்னு நான் சொல்லணும்னு பாக்கறீங்க, அதைச் சொல்ல மாட்டேம்மா, எனக்கு ரெண்டு மாசம் என்றார். அவ்வளவுதான். நான் படி இறங்கும்போது, பார்த்துப் போங்க, அங்க ஒரு கல்லு பேந்திருக்கு என்று சொன்னார். அவருக்கு அது தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

நீயும் என்னை மன்னிக்க வேண்டும் என்று அவசரமில்லை குட்டி. கோபம் வந்தால் கோபத்தோடேயே எழுது, இனிமேல் வீட்டுக்கே வரமாட்டேன் என்று மட்டும் எழுதாதே. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து உன் பத்து நாளில் மிச்சமிருந்ததை நான் எடுத்துக்கொண்டேன், உன்னைக் கேட்காமல். இனி எந்தப் படகில் ஏறுவது என்று நீயே பார்த்து முடிவு பண்ணு, பயமாக இருந்தால் நான் பயந்துகொள்கிறேன், அது என் பாடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கேட்க முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன். டெய்லரின் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நான் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். உன் கல்லூரியிலிருந்து மூன்றாவது பஸ் நிறுத்தம்தான் அந்தக் கண் ஆஸ்பத்திரி. காலையில் சீக்கிரம் போனால் வரிசை குறைவாம். யாராவது வராமல் ஒரு தேதி காலியாகியிருக்கிறதா என்று கேட்டுப் பார். இல்லை என்று சொன்னால் மறுநாளும் போய்க் கேள், உன் அப்பா மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடாதே. தேதி கிடைத்தால் அன்றைக்கு நீ படகுத்துறையில் நின்று அவர் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நான் வந்தால் அவர் வரமாட்டார்.

குடை இல்லாமல் வெயிலில் அலையாதே, தண்ணீர் குடி, தலையைத் துவட்டாமல் படுக்காதே. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, நல்ல மனசும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் நாளைக் காலைப் படகில் வருகிறது, அடுத்த படகு செவ்வாய்க்கிழமை. தேதி கிடைத்ததா இல்லையா என்று அதில் எனக்குத் தெரிய வேண்டும். என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் தேதியை மட்டுமாவது எழுதி அனுப்பு. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா