மூன்று காவலாளிகளும் ஒரு பாதி வாக்கியமும்

செவ்வாய்க்கிழமை, காலை

அன்பு மகள் வாலுவுக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் பாதிதான் சௌக்கியம், மீதிப் பாதி உன்னிடம் இருக்கிறது. உன் சௌக்கியத்தைப் பற்றி நீ போனில் சொல்வதை நான் ஒரு சொட்டுக்கூட நம்பவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நான் பேனா பிடித்து நாலைந்து யுகங்கள் ஆகிவிட்டன, எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் கோழியை மன்னித்துவிடு.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஞாயிறாக நாலு மணிக்கு நம் விளையாட்டுச் சுரங்கத்துக்கு நான் வரவில்லை. ஒரு வாரம் கரண்ட் இல்லை என்றேன், அடுத்த வாரம் கண்வலி என்றேன், அதற்கடுத்த வாரம் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, மூன்றும் பொய். நீ முதல் சம்பளத்தில் பாகம் பாகமாக வாங்கி உன் கையாலேயே பூட்டி, வேலை பார்க்கும் ஊருக்குக் கிளம்பும்போது, "சித்தப்பா, இதப் பத்திரமா பாத்துக்கோங்க, இனிமே ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் இதுக்குள்ளதான் சந்திக்கப் போறோம்" என்று ஒப்படைத்துவிட்டுப் போனாயே, அந்தக் கேம் கம்ப்யூட்டரை நான் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன். அந்தப் பத்திரம் தாங்காமல்தான் அது படுத்துவிட்டது.

நடந்தது இதுதான். சுரங்கத்தில் நீ போட்டுக்கொண்டு திரிகிற நசுங்கிய தகரத் தொப்பியைப் பார்த்துப் பார்த்து என் நெஞ்சு ஆயிரம் துண்டாக உடைந்துபோயிருந்தது. அப்போது திரையோரத்தில் "தங்கத் தொப்பி இலவசம்" என்று ஒன்று கண்சிமிட்டியது. மகளுக்குத் தங்கத் தொப்பி, சும்மா விடுவேனா, அமுக்கினேன். தொப்பி வரவில்லை, உங்கள் கணினியில் 412 வைரஸ்கள் என்று சிவப்பு எழுத்தில் ஒரு அலறல் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு! அவ்வளவு பேர் என் கல்யாணத்துக்கே வரவில்லை. நான் மாடிப்படியை மூன்றே தாவலில் கடந்து மேல் வீட்டு வாத்தியாரிடம் ஓடினேன். அவர் பள்ளிக்கூடத்து மார்க் லிஸ்ட்டைக் காப்பதற்காக ஒரு ஆன்டிவைரஸ் வைத்திருக்கிறார், "சார், இதப் போடுங்க, ஈ எறும்புகூட உள்ள நுழையாது" என்றார். போட்டேன். அது சனிக்கிழமை. மறுநாள் நாலு மணிக்கு நீயும் நானும் மூன்றாவது வளைவில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தோம், உனக்கு நினைவிருக்கும். நீ திடீரென்று கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு என் ஹெட்போனில் சொன்னாய், "சித்தப்பா, இங்க என் ரூம் ஜன்னல் தெறக்கவே தெறக்காது, ஆபீஸ்லயும் அப்படித்தான், மூச்சு முட்டுது, ஒண்ணு சொல்லணும், சித்திகிட்ட இப்ப சொல்லாதீங்க, நான்..." அந்த "நான்" என்ற இடத்தில், வாத்தியாரின் காவலாளி திரை முழுக்க வந்து நின்று, முழுச் சோதனை நடைபெறுகிறது என்று அறிவித்து, நம் விளையாட்டை முன்பின் தெரியாத ஆள் என்று சொல்லி வாசலைச் சாத்திவிட்டது. உன் வாக்கியத்தின் தலை என் காதில் இருக்கிறது, உடம்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்று இருபத்து மூன்று நாளாக யோசித்து, இதுவரை எண்ணூறு முடிவுகள் கண்டுபிடித்திருக்கிறேன். நான் வேலையை விட்டுவிட்டேன், நான் ஒருத்தரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், நான் சர்க்கஸில் சேர்ந்துவிட்டேன் என்பதுவரை எல்லாம் சிரித்துக்கொண்டே நினைத்துவிடலாம். சிரிக்க முடியாத முடிவுகளும் சில இருக்கின்றன, அவற்றை இங்கே எழுத மாட்டேன். எப்படியாவது உன்னிடம் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அடுத்த மடத்தனத்தைச் செய்தேன். உன் மாமா, அதான் சித்தியின் தம்பி, "அத்தான், அது கிழட்டு வாட்ச்மேன், எங்க ஆபீஸ்ல இருக்கறதப் போடுங்க, புலி மாதிரி பாயும்" என்றார். பழையதை எடுக்காமலே புலியையும் போட்டேன். புலி முதல் வேலையாகக் கிழவனை வைரஸ் என்று சொல்லிப் பிடித்து அடைத்தது, கிழவன் உள்ளே இருந்துகொண்டே புலியைத் திருடன் என்று கத்தினான். இருவரையும் சமாதானம் செய்துவைக்க இலவசமாகக் கிடைத்த மூன்றாவது ஒன்றை இறக்கினேன். அது இருவரையும் சந்தேகப்பட்டதோடு, ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை என்னிடம் காசு கொடுத்து முழுப் பாதுகாப்பு வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டது. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு நான் குளித்துத் தலை துவட்டி வந்தால், அப்போதுதான் அது திரையில் வந்து உட்காரும். உள்ளே இருக்கிற விசிறி விமானம் கிளம்புவதுபோல் இரைந்து, சித்தி துணி காயப்போட்ட கொடி ஆடியது. அணைக்கப் போனால் இப்போது அணைக்க வேண்டாம் என்று ஒன்று தடுக்கும், விட்டுவிடலாம் என்றால் இப்போதே அணைத்துத் திற என்று இன்னொன்று மிரட்டும். முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், உன் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கியவர்களை லட்சக்கணக்கில் வெளியே இழுத்துப்போட்ட மாமன்னன் நான், என் வீட்டுக் கூடத்திலேயே இரண்டு மாடிக்கு நடுவில் நின்றேன்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். என் போன் தண்ணீர் வாளியில் குதித்து உயிரை விட்டதிலிருந்து சித்தியின் போன்தான், அவள் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டுத் துணி மடிப்பாள். துணைக்குத் தெருவே கேட்கும். ஒருமுறை போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு நழுவினேன், மடிக்காத போர்வையோடு பின்னாலேயே வந்துவிட்டாள், போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். நான் உன்னிடம் எப்படி இருக்கிறாய் என்றேன், நீ "நல்லா இருக்கேன் சித்தப்பா, ஒண்ணும் இல்ல, அவசரமெல்லாம் இல்ல" என்றாய். அங்கேதான் மகளே நீ மாட்டிக்கொண்டாய். லிஃப்டில் சிக்கிய மனிதர்களை எனக்குத் தெரியும். வெளியே நின்று நான் குரல் கொடுத்ததும் உள்ளேயிருந்து முதலில் வருகிற பதில் எப்போதும் அதேதான், பரவாயில்லை, நல்லா இருக்கேன், அவசரம் இல்லை. ஒரு துணிக்கடை லிஃப்டில் ஒன்றரை மணி நேரம் நின்ற ஒரு அம்மா அப்படித்தான் சொன்னார், திறந்தபோது பார்த்தால் நின்ற இடத்திலேயே புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். அவசரம் இல்லை என்று யார் அவசரமாகச் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் அவசரம், இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

ஆகவே நேற்றுக் காலை பெட்டியைப் போர்வையில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு கடைவீதியில் இருக்கிற கம்ப்யூட்டர் ரிப்பேர் அம்மாவிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, "ஏன் சார், ஒரு வாசலுக்கு மூணு வாட்ச்மேன் போட்டா திருடன் எதுக்கு, அவங்களே ஒருத்தர் கழுத்த ஒருத்தர் பிடிச்சுக்குவாங்க" என்றார். இந்த அகில உலகத்திலும் உயர்ந்த ஆன்டிவைரஸ் எது, சொல்லுங்கள், என் உயிரைக் கொடுத்தாவது வாங்குகிறேன் என்றேன். "உயிரெல்லாம் வேணாம் சார், மெஷினோட கூடவே வந்தது ஒண்ணு இருக்கு, நீங்க மத்ததக் கொண்டாந்து போட்டதும் அது பாவம் ஒதுங்கி உக்காந்துருச்சு. வீட்ல கேம் விளையாட அது போதும், அப்டேட் கேட்டா தள்ளிப் போடாதீங்க, கண்டதையும் அமுக்காதீங்க" என்று சொல்லி மூன்றையும் ஒவ்வொன்றாக நீக்கினார், ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை அணைத்துத் திறந்தார். பிறகு நிதானமாக ஒரு முழுச் சோதனை ஓட்டினார். ஒரு வைரஸ்கூட இல்லை. நானூற்றுப் பன்னிரண்டும் வெறும் விளம்பரப் படமாம், அப்படியே மூடியிருந்தால் போயிருக்குமாம். கடைசியில் நம் விளையாட்டின் பெயரைக் கேட்டு, இதைத் தடுக்காதே என்கிற பட்டியலில் சேர்த்தார், விளையாடும்போது எந்த அறிவிப்பும் குறுக்கே வராதபடியும் செய்துகொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்றாவது வளைவில் உன் கடப்பாரை நீ வைத்த இடத்திலேயே கிடக்கிறது, நான் அதைத் தொடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னதை இன்றுவரை சித்தியிடம் மூச்சுவிடவில்லை, சத்தியம். ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவ ரூம் ஜன்னல் தெறக்குமான்னு கேட்டு எழுதுங்க, வீடியோ கால்ல என்னிக்குப் பாத்தாலும் மூடியே இருக்கு" என்றாள். எனக்குப் பேனா நின்றுவிட்டது. சற்று நேரம் கழித்து, "வர்ற ஞாயித்துக்கிழமையிலேருந்து மூணரைக்கு நான் காய்கறி வாங்கப் போறேன், வர ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றாள். இருபத்தாறு வருடத்தில் அவள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காய்கறி வாங்கப் போனதே கிடையாது, கடை வேறு இரண்டு நிமிட நடைதான். உன் ஏழு வயதில் உன்னை இந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்தான், உன் குரல் ஒரு நூல் கம்மினாலும் அவளுக்குத் தெரியும்போல.

வேளைக்குச் சாப்பிடு, முடிந்தபோதெல்லாம் கீழே இறங்கித் திறந்த வெளியில் நட. அந்த "நான்" என்பதற்குப் பின்னால் என்ன இருந்தாலும் சரி, வேலையை விட்டாலும், வீட்டுக்குத் திரும்பினாலும், திரும்பாவிட்டாலும், எனக்கு நீ காரணம் எழுதிக்கொடுக்க வேண்டாம். நீ நூறு ஜன்னல் உள்ள வீட்டில், நூறும் திறந்திருக்க, நீடூழி வாழ வேண்டும் என்று நானும் சித்தியும் வாழ்த்துகிறோம்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. சிக்கியவர்கள் கதவை நெம்பக் கூடாது, உள்ளே இருக்கிற மணியை அடித்தால் போதும், மிச்சம் வெளியே நிற்பவன் வேலை. ஞாயிறு நாலு மணிக்கு நான் மூன்றாவது வளைவில் நிற்பேன். நீ எத்தனை மணிக்கு வந்தாலும் நின்றுகொண்டிருப்பேன். தொப்பி தகரம்தான்.

இப்படிக்கு,
மூவுலக லிஃப்ட்டுகளின் முன்னாள் சக்கரவர்த்தி, ஓய்வுபெற்றும் கூப்பிட்டால் வருகிறவன்,
உன் சித்தப்பா