வாளியோடு வந்த கொள்ளைக்காரன்

ஜூலை 4
மனைவியின் அண்ணன் இன்றும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார், என்னைக் காட்ட. மிருகக்காட்சி சாலையில் டிக்கெட்டாவது வாங்குவார்கள். "கடற்கொள்ளைக்காரனுக்கு ஒத்தைக் கண்ணுதானாமே?" என்றார் ஒருவர். மச்சானே கதையை முடித்துவைத்தார்: "நேவிக்காரங்க மீட்க வந்தப்ப ஒருத்தன் மாப்ளையைக் கேடயமாப் பிடிச்சுக்கிட்டான். ஒரே குண்டு, ஆள் காலி." கப்பலில் பிணைக்கைதியாக இருந்தது நானா, அவரா?

ஜூலை 6
"எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?" என்றாள் மனைவி. காய் வாங்கக் கிளம்பிவிட்டேன். பையை எடுக்கவில்லை.

ஜூலை 9
மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. மச்சான் மண்டையோட்டுத் தொப்பி, கண்பட்டை, பிளாஸ்டிக் கத்தி எல்லாம் வாங்கிவந்திருக்கிறார். தூ.

என்னைக் காவல் காத்தவனுக்கு இரண்டு கண்ணும் இருந்தன. இரண்டிலும் எப்போதும் தண்ணீர். கடல் ஒத்துக்கொள்ளாது, நீச்சல் தெரியாது — இவன் கொள்ளைக்காரன்! ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் வாந்தி எடுக்க வாளி. வாளி நிறைந்துவிட்டால் கப்பல் விளிம்புக் கம்பிக்கு வெளியே குனிவான். விழுந்துவிடாமல் இருக்க என் சட்டையைப் பிடித்துக்கொள்வான். முடிந்ததும் வாயைத் துடைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவனாய்த் துப்பாக்கியை என் பக்கம் திருப்புவான். எனக்குச் சிரிப்பு வரும். அவனும் சிரிப்பான்.

அவனை எனக்குப் பிடித்திருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

ஜூலை 10
"அவங்க நிஜமா எப்படிப்பா இருந்தாங்க?" என்று மகள் கேட்டாள். கதை கேட்க வந்தவர்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. வாளியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

ஜூலை 15
கண்பட்டையும் தொப்பியுமாய் ஏழெட்டுப் பிள்ளைகள். என் மகள் மட்டும் என் பழைய சட்டையில், கையில் வாளியோடு. மேடையில் ஓங்கரித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். பரிசு கண்பட்டைக்கு.

வீட்டில் டீயை உறிஞ்சியபடி மச்சான் பொருமினார்: "மானம் போச்சு மாப்ள. கொள்ளைக்காரன் எங்கயாவது வாந்தி எடுப்பானா?"

மனைவி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களைக் கேடயமாப் பிடிச்சவனும் இந்த வாளிக்காரன்தானா?"

"ஆமா."

"எதுக்குப் பிடிச்சான்?"

"வாந்தி வந்துச்சு," என்றேன். "எப்பவும் போல சட்டையைப் பிடிச்சான். அவ்வளவுதான். தூரத்துல இருந்து பார்த்தவங்க சுட்டுட்டாங்க."

அழுகை வந்துவிட்டது, மச்சான் முன்னாலேயே. அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். இனி யாரைக் கூட்டிவந்தாலும் இதையேதான் சொல்வேன்.