கண்ணாடித்தளப் படகு

இஞ்சாருங்கோ,

கரீபியனில் இருந்து ரொறன்ரோ திரும்பி நான்கு நாளாக நீங்கள் பேஸ்மென்டை விட்டு மேலே வரவில்லை. சாப்பாட்டோடு இதையும் படியில் வைக்கிறேன்.

ஹோட்டலில் சிபாரிசு செய்த கண்ணாடித்தளப் படகுச் சவாரிக்கு நான்தான் எங்கள் பெயர்களைப் பதிந்தேன். கடற்படைப் படகொன்று கிட்ட வந்ததும் நீங்கள் "படுங்கோ!" என்று கத்தினீர்கள். மகள் ஜெனிற்றா கீழே கிடந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தில் நானும் சிரித்தேன். பிறகு, பிள்ளையைத் தள்ளி விழுத்திவிட்டீர்கள் என்று ஏசினேன்.

இன்றைக்குத்தான் அவள் சொன்னாள்: "அம்மா, அப்பா என்னைத் தள்ளேல்லை. எனக்கு மேலை கிடந்து மூடினவர்."

மன்னார்க் கடலில் கடற்படை படகைச் சுட்டபோது உங்கள் தங்கச்சிக்கு நடந்ததை ஒருமுறைதான் சொன்னீர்கள். நான் மறந்திருக்கக் கூடாது.

ஹோட்டலில் கட்டிய கைப்பட்டியைக் கழற்ற ஜெனிற்றா விடுகிறாளில்லை. அப்பாதான் வெட்ட வேண்டுமாம். கத்தரிக்கோல் மேலே இருக்கிறது.

இப்படிக்கு,
சிரித்தவள்