உறை ஊற்றிய தண்ணீர்

அம்மணி,

இன்று காலை புதுக் கோழிக்குஞ்சுகள் வந்து இறங்கின. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை முகத்தில் அடித்தது. உடனே உன் நினைவு வந்துவிட்டது. மற்றவர்களின் மனைவிமார் மல்லிகைப் பூவில் வருவார்களாம். நீ பிளீச்சிங் பவுடரில் வருகிறாய்.

எந்த மருந்தும் கேட்காத காய்ச்சலோடு பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டாயே, அப்போது ஆரம்பித்தது இந்தக் கதை. நம்மூர் கோபாலபுரம் திரும்பியதும் நேராகக் கோழி ஷெட்டுக்குப் போய், நாம் குஞ்சுகளின் தண்ணீரில் வழக்கமாகக் கலக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்து டப்பாவைக் கையில் எடுத்தாய். "நோவில்லாத கோழிக்கு இதை எதுக்குங்க ஊத்தோணும்? இப்படி ஊத்தி ஊத்தித்தான் மனுசனுக்கு நோவு வந்தா மருந்து கேக்கறதில்லைன்னு டாக்டர் சொன்னாருங்க" என்றாய். அதற்குப் பதிலாகக் குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்ப் பொடி வாங்கினோம். பாக்கெட்டில் புரோபயாட்டிக் என்று போட்டிருந்தது. நீ வைத்த பெயர் உறை. பாலுக்கு மோர் விடுவது போலக் குஞ்சின் வயிற்றுக்கு இது.

ஆனால் குஞ்சுகளுக்குக் கழிச்சல் கண்டது. ஷெட் நாறியது. "இந்த பேட்ச் போச்சுன்னா பழைய மருந்துதான், சொல்லிப்போட்டேன்" என்று குதித்தேன். நீ போய்த் தொட்டியருகே நின்றாய். சுத்தத்தில் உன்னை மிஞ்ச ஆளேது? தினமும் தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டு, அதே தண்ணீரில் உறையைக் கலக்கியிருக்கிறாய். கிருமியைக் கொல்லும் பவுடர் நல்லது கெட்டது பார்க்குமா? திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஏனுங்க, கொதிக்கற பாலுல உறமோரை ஊத்திப்போட்டுத் தயிராகலீன்னு அழுவறனுங்க!"

பிறகு தண்ணீரை அண்டாவில் வெயிலுக்குத் திறந்து வைத்தாய். மோந்து பார்த்து, வாடை போன பிறகே உறை கலந்தாய். கழிச்சல் மெல்ல நின்றது. எல்லாக் குஞ்சும் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பழைய மருந்து டப்பாவை நானே கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு நீ செய்த கேலி கொஞ்சமா?

இன்றும் மோந்து பார்த்துத்தான் கலக்குகிறேன்.

நீ போன அன்று உறவுக்காரர்கள் தீட்டென்று அடுப்படியில் இருந்ததையெல்லாம் கொட்டிக் கழுவினார்கள். முந்தின இரவு நீ உறை ஊற்றிய தயிர்ச் சட்டியை மட்டும் நான் கொடுக்கவில்லை. அதில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் பாலில் விட்டேன். அதிலிருந்து அடுத்த நாளுக்கு. அப்படியே இன்றுவரை வந்துவிட்டது. நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை, அம்மணி. ஆனால் உன் கையால் ஊற்றிய உறை இன்னும் உயிரோடிருக்கிறது. அதனால்தான் தினமும் பால் ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.